சுங்கானை விட்டுப் போன குழி

மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து இறைத்த மாம்பழங்களின் கொட்டைகள் இன்னும் தெருவோரம் காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், காரைக்காலில் பாய்மரக்காரத் தெருவில், சொல்தா சவரிநாதன் புகைபிடிக்கிற சுங்கானில் இருந்த குழி சுங்கானை விட்டுப் போனது. சுங்கான் எங்கும் போகவில்லை, அது பளபளவென்று மேசைமேல்தான் இருந்தது. குழி மட்டும் போனது. போன குழி யார் யார் வீட்டில் தங்கியது, என்னென்ன உபசாரம் பெற்றது, கடைசியில் யார் கைக்கு வந்து சேர்ந்தது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவரவர் வீட்டில் அது தங்கிய கதையை இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு மற்றவர் வீட்டுக் கதையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். என் வீட்டுக்கு அது வரவே இல்லை, ஆகவே நான் சொல்வதில்தான் நியாயம் இருக்கும்.

சொல்தா என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று அர்த்தம். சவரிநாதன் மீசை அரும்பின வயதில் கப்பலேறிப் போய், பாலைவனத்திலும் தீவுகளிலும் யார் யாருடைய கொடிகளுக்கோ காவல் நின்று, வெயிலில் காய்ந்து மழையில் ஊறி, தலை நரைத்துத் திரும்பி வந்தவர். அவர் கொண்டுவந்த சாமான்களில் பாதி துருப்பிடித்துப்போனது, பாதியைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், மிச்சமிருந்தது புகையிலை பிடிக்கிற அந்தச் சுங்கான் ஒன்றுதான். மார்சேய் துறைமுகத்தில் ஒரு சந்துக் கடையில் வாங்கியது, பிரையர் என்கிற புதர்ச்செடியின் வேர்முண்டில் கடைந்தது. அந்தச் செடி கல்லும் மணலுமான மலைச்சரிவில் முளைக்கிறது. வேர் பருக்கும்போது வழியில் அகப்படுகிற பொடிக்கல்லை விலக்கத் தெரியாமல் கட்டிப் பிடித்து உள்ளேயே வைத்துக்கொள்கிறது. பின்னால் யாரோ அந்த வேரை வெட்டிக் கடையும்போது கல் உதிர்ந்து, அது இருந்த இடம் குழியாகத் தெரிகிறது. குழி இல்லாத பிரையர் அபூர்வம் என்பதால் கடைக்காரர்கள் அதில் பட்டி வைத்து அடைத்து, மேலே சாயம் பூசி, ஒன்றும் தெரியாத முகத்தோடு விற்றுவிடுவார்கள். சவரிநாதனுக்கு விற்றதில் வைத்திருந்த பட்டி, அவர் ஏறின கப்பல் கரை மறையுமுன்பே உதிர்ந்து விழுந்துவிட்டது.

ஏமாந்தோமே என்று அவர் ஒரு பொழுது வருத்தப்பட்டார். பிறகு அவருடைய பெருவிரல் அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. பாசிப்பயறு அளவுதான் இருக்கும், மேல்பக்கம் செங்குத்து, கீழ்ப்பக்கம் சரிவு, பெருவிரலின் நுனி அந்தச் சரிவில் இறங்கி அந்தச் செங்குத்தில் முட்டி நிற்கும். அப்படி நின்றபடியே அவர் ஒரு வாழ்நாளை ஓட்டினார். மனைவி தெரேசைப் புதைத்துவிட்டு வந்த மாலையிலும், டாக்டர் புகையிலையைக் குறைக்கச் சொன்ன நாளிலும், அதன்பிறகு சாயங்காலத்துக்கு ஒரேயொரு தரம் என்று குறைத்துக்கொண்ட பின்பும், பெருவிரல் அங்கேதான் இருந்தது. புகை இல்லாத நேரத்திலும் சுங்கானைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வம்பு வளர்ப்பார்.

அவருக்கு ஒரே மகள். பெயர் கிளோதீல். பிரான்சில் துலூஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வந்தவள், என்ன பரிசு கொடுக்கலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கரி ஏறி, வாய்க்குழல் பழுப்பு பூத்து, விளிம்பெல்லாம் தீய்ந்து கிடந்த சுங்கான்தான் கண்ணில் பட்டது. அவர் மத்தியானம் குறட்டை விடுகிற நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு போய்ப் பல்செட் பெலிசித்தாவிடம் கொடுத்தாள்.

பெலிசித்தாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய் அச்சுகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். பழைய காலத்துப் பல்செட்டின் தகடும் சுங்கானின் வாய்க்குழலும் ஒரே மாதிரிக் கெட்டி ரப்பரில் செய்தவை. அரமும் தேய்ப்புச் சக்கரமும் அவளிடம் எப்போதும் இருந்தன. அதனால் ஊரில் இருந்த சொல்தாக்களின் சுங்கான்களெல்லாம் காலப்போக்கில் அவளிடமே பழுதுக்கு வந்துசேர்ந்தன. கை அப்படி ஒரு கை. வாய் அதைவிடப் பெரிது. தன் வேலையைப் பற்றி யாராவது புகழ ஆரம்பித்தால் மிச்சத்தை அவளே முடித்து வைப்பாள். பல்செட் செய்யும்போது மட்டும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பல்லையும் வரிசையாக வைத்துவிட்டு, ஒரே ஒரு பல்லை இம்மியளவு சாய்த்து வைப்பாள். அப்படியில்லாவிட்டால் போட்டுக்கொண்டு போகிறவரை வீட்டில் இருக்கிறவர்கள் யாரோ என்று பார்ப்பார்கள், நாய்கூடக் குரைக்கும் என்பாள்.

கிளோதீல் சுங்கானைக் கொடுத்து, புதுசு மாதிரி ஆக்கித் தாருங்கள் அக்கா என்று சொன்னாள். பெலிசித்தா உள்ளே இருந்த கரியைச் சுரண்டினாள்; உப்பு திணித்துச் சாராயம் ஊற்றி ஊறவைத்தாள், கடலோரத்தில் உப்புக்கும் காரைக்காலில் சாராயத்துக்கும் என்ன பஞ்சம்; வாய்க்குழலின் பழுப்பை உரித்துக் கருகருவென்று ஆக்கினாள்; தீய்ந்த விளிம்பை இழைத்தாள். பிறகு குழிக்கு வந்தாள். சுங்கானிலிருந்தே உதிர்ந்த தூளைப் பிசினில் குழைத்து அடைத்து, காயவைத்து, தேய்த்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் மரத்தின் ரேகையை அதன்மேல் தொடர்ந்து எழுதி, மெழுகு போட்டுச் சக்கரத்தில் காட்டினாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குழி இருந்த இடம் தெரியவில்லை. தன் வாழ்நாளில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது, அந்தச் சந்தோஷத்தில் ஒரு பல்லைச் சாய்த்து வைக்கிற வழக்கம் அவளுக்கு மறந்துபோனது. இது வாய் இல்லையே, மரம்தானே என்று நினைத்துவிட்டாள்.

பிறந்தநாளன்று தெருவே சவரிநாதன் வீட்டில் இருந்தது. கேக் வெட்டியாயிற்று, பிரியாணி வந்தாயிற்று, டீக்கடை பக்கிரிசாமி பாட்டுப் பாட எல்லோரும் சேர்ந்து அவரை நிறுத்தியாயிற்று. கிளோதீல் ரிப்பன் கட்டின பெட்டியை நீட்டினாள். சவரிநாதன் சுங்கானை எடுத்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் திருப்பினார், பிறகு வழக்கம்போல் உள்ளங்கையில் ஏந்தினார். பெருவிரல் தன் இடத்துக்குப் போய், வழுக்கி, மறுபடி போய், மறுபடி வழுக்கியது.

“அழகா இருக்கும்மா,” என்றார். “யாருது?”

கிளோதீல் சிரித்தாள். அவருடையதுதான் என்றாள். அவர் மரியாதையாக, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பொருளைத் திருப்பிக் கொடுப்பவர்போல அதை மேசைமேல் வைத்துவிட்டு, தன்னுடையது எங்கே என்று கேட்டார். இதுதான் என்று அவள் சொல்ல, இது இல்லை என்று அவர் சொல்ல, பெலிசித்தா முன்னால் வந்து தான் செய்த வேலையை விளக்க, அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் தன்னுடையது எங்கே என்று கேட்டார். அப்போது கிளோதீலின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவள் பயந்துவிட்டாள். அவள் வேலை பார்க்கிற இடத்தில் வயதானவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பொருள்களை மறப்பதைத் தினமும் பார்க்கிறவள் அவள். முதலில் செருப்பு தன்னுடையதில்லை என்பார்கள், பிறகு கண்ணாடி, பிறகு கட்டில், பிறகு பெற்ற பிள்ளை வந்து நின்றால் அழகாக இருக்கிறாயே, நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள். அந்த வரிசையின் முதல் படியில் தன் அப்பா நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே போனில் பேசி, தான் திரும்பிப் போகிற விமானத்தில் அவருக்கும் ஓர் இடம் போட்டுவிட்டாள். ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய நாள் ஊர்வலம் முடிந்த மறுநாள் பயணம். வீட்டைப் பூட்டிவிட்டு அவரைத் துலூசுக்குக் கூட்டிக்கொண்டு போய், தான் வேலை பார்க்கிற இல்லத்திலேயே கண்பார்வையில் வைத்துக்கொள்வது என்று முடிவு. பாய்மரக்காரத் தெருவும் வாசல் நாற்காலியும் இல்லாத சவரிநாதனை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. மகளிடம் சண்டை போடத் தெரியாதவர் அவர். சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

இது இப்படியிருக்க, மறுநாள் காலை அதே தெருவில் கமருன்னிசா பீவி மீன் குழம்புக்கு மிளகாய் அரைக்க உட்கார்ந்தபோது அம்மியில் ஒரு குழி இருந்தது. மாமியார் காலத்து அம்மி, முந்தின நாள்வரை வழவழவென்று இருந்தது. பாசிப்பயறு அளவு, மேல்பக்கம் செங்குத்து, கீழ்ப்பக்கம் சரிவு. அம்மி கொத்துகிறவன் வந்து போனானா என்று கேட்டார், ஒருவனும் வரவில்லை. தெருவில் எதைப் பார்த்தாலும் சவரிநாதனிடம் சொல்லுவது வழக்கம் என்பதால் அவரிடம் சொன்னார். அவர் எழுந்து வந்து, குனிந்து, மிளகாய் விழுது ஒட்டின அம்மியில் பெருவிரலை வைத்தார். வைத்ததும் அவர் தோள்கள் தளர்ந்து இறங்கின.

“இதுதான்,” என்றார்.

அன்று அந்த வீட்டுக் குழம்பு தெருமுனைவரை மணத்தது. குழியில் தங்கித் தங்கி விழுது நன்றாக அரைபட்டது என்பது கமருன்னிசாவின் கட்சி. அடுத்த நாள் விடிந்தபோது அம்மி பழையபடி வழவழவென்று இருந்தது, குழி மாதாகோயிலில் தீர்த்தத் தொட்டியின் விளிம்பில் இருந்தது, பூசைக்கு வந்தவர்கள் அதில் நின்ற சொட்டைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்து வாலிபர் மன்றத்துக் கேரம் பலகையின் நடுவில் வந்து உட்கார்ந்து, நேராகப் போகவேண்டிய காய்களையெல்லாம் திருப்பிவிட்டது. எப்போதும் தோற்கிறவர்கள் அன்று ஜெயித்தார்கள், எப்போதும் ஜெயிக்கிறவர்கள் பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தேடினார்கள். பிறகு வார்டு கவுன்சிலரின் பேச்சில் விழுந்தது. குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் திடீரென்று இறங்கி நின்றார். நின்றவர் ஏறி வருவதற்குள் ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அவர் வாழ்நாளில் பேசின பேச்சுகளில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அதற்குள் குழி விருந்தாளி ஆகிவிட்டது. வந்த வீட்டில் கேசரி கிண்டினார்கள், கோலத்தில் அதற்கென்று ஓர் இடம் விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் எழுந்ததும் பாத்திரம் பண்டம், கதவு நிலை, கன்னம் நெற்றி எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பது தெருவில் பழக்கமாயிற்று. அதிகாலையில் ஒரு வீட்டில் “வந்துடுச்சு” என்று குரல் கேட்டால் மற்ற வீடுகளில் பெருமூச்சு கேட்கும். என் வீட்டிலும் தடவினோம். ஆட்டுக்கல்லில் ஒன்று கிடைத்தது, அது பழைய குழி என்று சவரிநாதன் கைவைத்த உடனே சொல்லிவிட்டார், கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

கஷ்டம் என்னவென்றால், குழி வந்த இடத்துக்கெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பெருவிரலை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, இதுதான் என்று சொல்லிவிட்டு வருவார். ஒருநாள் குழி பக்கிரிசாமியின் வழுக்கைத் தலையில் இருந்தது. அடுப்பருகே நின்ற மனிதரின் உச்சந்தலையில் பெருவிரலை வைத்துக்கொண்டு அப்பா கண்மூடி நிற்பதை, மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய கிளோதீல் பார்த்தாள். அவள் நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவரை அவளிடம் எஞ்சியிருந்த கொஞ்சம் சந்தேகமும் அன்றோடு போயிற்று.

நாங்கள் சொல்லாமல் இல்லை. கமருன்னிசா போய்ச் சொன்னார், மாதாகோயில் சாமியார் போய்ச் சொன்னார், பக்கிரிசாமி தலையைக் குனிந்து காட்டப் போனார், போய்ச் சேருவதற்குள் பொழுது விடிந்து அவர் தலை சமதளமாகிவிட்டது. இத்தனை நல்ல மனிதர்கள் என் அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று அவரோடு சேர்ந்து விளையாடுகிறீர்களே என்று சொல்லி அவள் அழுதாள். குழியின் மேல் குண்டான் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. தொலைந்த பொருளுக்காக அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள், தர்காவில் நேர்ந்துகொண்டார்கள், பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்தார்கள். குழி சுங்கானுக்கே திரும்பிப் போகவேண்டும் என்று எல்லோரும் மனமுருகி வேண்டிக்கொண்டார்கள், போகுமுன் ஒரு தரம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். அதனாலேயே அது தாமதமானது என்பது என் எண்ணம்.

பெலிசித்தாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவளே கிளோதீலிடம் போய், தப்பு தன்னுடையது, குழியை அடைத்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டாள். தன் வேலையில் தப்பு என்று அவள் வாயிலிருந்து வந்ததை நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை.

கிளோதீல் கேட்டாள்: “ஒரு சின்னக் குழிக்காகவா அக்கா? அம்பது வருஷமா வெச்சிருந்ததை ஒரு குழி இல்லேன்னா தெரியாமப் போயிடுமா?”

பெலிசித்தா சுங்கானை வாங்கிக்கொண்டு வந்து, தன் ஆயுளில் செய்த மிகச் சிறந்த வேலையைத் தானே தோண்டி எடுப்பது என்று முடிவு செய்து, பல் அச்சைக் குடைகிற ஊசியை மாட்டினாள். முனையால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் பட்டி வரவில்லை. பச்சை மரம் வந்தது, ரேகையோடு, ஒரு வெட்டுக் காயமும் படாத மரம். அங்கே அடைப்பும் இல்லை, அடைபட்டதும் இல்லை, குழி தன் இடத்தைக் காலிபண்ணிக்கொண்டு சுத்தமாகப் போயிருந்தது. தான் தோண்டினால் அது வேறு குழியாகத்தான் இருக்கும் என்று புரிந்து, அவள் ஊசியைக் கழற்றி வைத்தாள். போய்ச் சவரிநாதனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர், வீடு இடிந்தாலும் ஆள் போய்விடுமா, எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும் என்று அவளைத் தேற்றிவிட்டு, மடித்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்கப் போனார். சவரிநாதன் பெரியப்பா அப்படி அடுக்குவதைப் பார்க்க முடியவில்லை என்று அவள் எங்களிடம் வந்து சொல்லி அழுதாள்.

ஜூலை பதினாலு அன்று காலை ஊரில் எங்கேயும் குழி இல்லை. அம்மி, தொட்டி, பலகை, தலை, எல்லாம் தடவியாயிற்று. பெட்டிகள் கட்டி வாசலறையில் நின்றன. சவரிநாதன் கோட்டுப் போட்டுக்கொண்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, மூவர்ணப் பட்டை தரித்து, மற்றச் சொல்தாக்களோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் புறப்பட்டார். வெயிலில் தடுமாறப்போகிறார் என்று கிளோதீல் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். தெருவும் பின்னாலேயே போனது, வழியனுப்புகிற மாதிரி.

மலர்வளையம் வைத்தார்கள். பாண்டு வாத்தியம் பிரெஞ்சு தேசிய கீதத்தைத் தொடங்கியது. சொல்தாக்கள் அத்தனை பேரும், நிற்க முடிந்தவரும் நாற்காலியில் இருந்தவரும், விறைத்துச் சல்யூட் வைத்தார்கள். சவரிநாதன் மட்டும் வைக்கவில்லை. காய்ச்சலிலும் அந்தச் சல்யூட்டைத் தவறவிட்டதில்லை அவர். அவருடைய வலது கை மகளின் கைக்குள்ளேயே இருந்தது. பப்பா, சல்யூட், என்று கிளோதீல் மெல்லச் சொல்லிக் கையை விடுவிக்கப் பார்த்தாள், அவர் விடவில்லை. இதையும் மறந்துவிட்டார் என்று அவள் கண் நிறைந்தது. அப்போதுதான் தன் உள்ளங்கையில் அவருடைய பெருவிரல் சுற்றிச் சுற்றி வருவதை அவள் உணர்ந்தாள், ஒரு சரிவில் இறங்கி, ஒரு செங்குத்தில் முட்டி, நின்று, திரும்பவும் மேலே வந்து இறங்குவதை.

அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இங்கதான் இருக்கா இது,” என்றார் சவரிநாதன். “நான் ஊரெல்லாம் தடவிக்கிட்டுத் திரியுறேன்.”

அவள் கையை விரித்தாள். உள்ளங்கையின் நடுவில், பாசிப்பயறு அளவுக்கு, வலியில்லாமல், ரத்தமில்லாமல், பிறந்தபோதே இருந்ததுபோல் ஒரு குழி இருந்தது. தினமும் எத்தனையோ கைகளைப் பிடித்து நாடி பார்க்கிறவள், தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நர்ஸ், தடவிப் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் நம்பமாட்டாள். தன் பெருவிரலை வைத்துப் பார்த்தாள், அது பொருந்தவில்லை. அப்பாவின் விரலை எடுத்து வைத்தாள். அது பொருந்தியது.

“இதுக்காகத்தானா பப்பா?”

“குழிய விட்டா மத்ததெல்லாம் எந்தச் சுங்கான்லயும் இருக்கும்மா,” என்றார் அவர். “நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப, நான் லீவுக்கு வந்தா ஒரு கையில சுங்கான், ஒரு கையில நீ. இதே எடத்துலதான் வந்து நிப்போம். இப்ப ரெண்டும் இந்த வலது கையிலயே கெடக்குது, இத விட்டுட்டு எப்படி நான் சல்யூட் வெக்கிறது?”

“நான் பயந்துட்டேன்,” என்றாள் கிளோதீல். கூட்டத்துக்கு நடுவில் சின்னப் பெண் மாதிரி அழுதாள். நாங்களும் அழுதோம், அதற்காக வெட்கப்படவும் இல்லை. அழுது முடித்ததும் எல்லோரும் வரிசையில் நின்று அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தோம். தன் வீட்டில் இருந்தபோது இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்தது என்று கமருன்னிசா சொன்னார், தலையில் இருந்தபோதுதான் அதற்கு ஒரு களை இருந்தது என்று பக்கிரிசாமி சொன்னார், கவுன்சிலர் பேச ஆரம்பித்தார், யாரும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் பெலிசித்தா சுங்கானைக் கொண்டுவந்து நீட்டி, இதில் இனி தனக்கு வேலையில்லை, நீயே கொடு என்று கிளோதீலிடம் சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள். சின்ன வயதில் அப்பாவுக்குப் புகையிலை அடைத்துக் கொடுப்பது கிளோதீலின் வேலை. முதலில் தளர்வாக, பிறகு கொஞ்சம் அழுத்தமாக, கடைசியில் கெட்டியாக என்று கைக்கு ஞாபகமிருந்தது. அடைத்தாள். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கியபோது அவருடைய பெருவிரல் நேராகப் போய் உட்கார்ந்தது, வழுக்கவில்லை. அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகள் மட்டும் இருந்தன. தீக்குச்சி கிழித்தார், ஊதினார், முதல் புகை மாம்பழக் கொட்டைகள் காய்ந்த தெருவின் மேல் போனது.

“நல்லா வேலை செஞ்சிருக்க, பெலிசித்தா,” என்றார். “வாய்க்குழல் பல்லுல ஒட்டவே இல்ல.”

அவருடைய டிக்கெட்டை ரத்து செய்தார்கள். சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின. மறுநாள் கிளோதீல் தனியாகப் போனாள், போகும்போது வலது கையை மூடியே வைத்திருந்தாள். விமானத்தில் தன் பெருவிரல் தன் உள்ளங்கையைத் தேடிக்கொண்டே வந்தது என்று போனில் சொன்னாள், அங்கே இல்லத்தில் கிழவர்கள் தங்கள் பொருளைத் தங்களுடையதில்லை என்று சொல்லும்போதெல்லாம் இப்போது முதலில் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்கிறாளாம். ஒரு கிழவியின் தலையணையில் வழக்கமான முடிச்சு இல்லாததை அப்படித்தான் கண்டுபிடித்தாளாம். பெலிசித்தாவுக்கு இப்போது எங்கெங்கிருந்தோ சுங்கான்கள் வருகின்றன. கரியைச் சுரண்டுகிறாள், பழுப்பை உரிக்கிறாள், எல்லாம் செய்கிறாள், ஆனால் குழி இருந்தால் கொண்டுவந்தவரிடம் சுங்கானைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறாள், பெருவிரல் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறாள். இப்படிப் பார்க்கிற ஆள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொள்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதோடு கதையை முடித்திருக்கலாம், ஆனால் பொங்கல் சமயத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தெருவில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள். சவரிநாதன் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சும்மா சுங்கானைக் கையில் எடுத்தார். பெருவிரல் வழுக்கியது. குழி இல்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் பதறிப்போய் அம்மிக்கும் தொட்டிக்கும் ஓடினோம். கமருன்னிசா வீட்டில் இல்லை, மாதாகோயிலில் இல்லை, பக்கிரிசாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார், அங்கேயும் இல்லை. கிளோதீல் வருவதாகத் தகவல் ஒன்றும் கிடையாது, லீவு இல்லை என்றுதான் முந்தின ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்லியிருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் வந்து நிற்கவேண்டும் என்று அவள் போட்டிருந்த திட்டம் எங்களுக்கு எப்படித் தெரியும்.

சவரிநாதன் மட்டும் பதறவில்லை. மழமழவென்று இருந்த இடத்தைப் பெருவிரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, சுங்கானைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கிரிசாமியைக் கூப்பிட்டார்.

“நல்ல கொடுவா மீனா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வா,” என்றார். “மக வர்றா. கூட்டியாரப் போயிருக்குது.”